அக்னி மூலையில் ஒரு ஜெனரேட்டர்

நான் தேடிப் போனது இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை. இரண்டும் முன்பு ஒரு விமான நிலையத்தில் இருந்தவை. மின்சாரம் போனால் ஓடுபாதை விளக்குகள் அணையக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டவை. பழசானதும் விற்றுவிட்டார்கள். ஒன்று அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும், இன்னொன்று பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

இருபது வருடங்களுக்கு மேல் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு இப்போது சென்னையில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறேன். அந்த விமான நிலையம் ஒரு வருடத்தில் எவ்வளவு புகையைக் காற்றில் விடுகிறது என்று கணக்கிட்டுச் சொல்வது எங்களுக்கு வந்த வேலை. விமானங்களுக்கும் வண்டிகளுக்கும் விவரம் கிடைத்துவிட்டது. அவசர ஜெனரேட்டர்களில் மாட்டிக்கொண்டோம். கணக்கு எளியதுதான். இயந்திரத்தின் சக்தி, எவ்வளவு சுமையில் ஓடியது, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மூன்றையும் பெருக்கி, ஒரு அலகுக்கு இவ்வளவு புகை என்ற எண்ணால் மறுபடி பெருக்கினால் விடை வந்துவிடும். மணி நேரத்துக்குத்தான் ஆதாரம் இல்லை. ஒரு பதிவேடு கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை, அரை மணி, சோதனை ஓட்டம் என்று வருடம் முழுக்க எழுதியிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. பொங்கல் வாரத்திலும் ஒரு வரி. ஒரே நாளில் உட்கார்ந்து எழுதப்பட்ட ஒரு வருடம் அது.

ஜெனரேட்டரின் முகப்பில் ஹவர் மீட்டர் என்று ஒன்று இருக்கும். இயந்திரம் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்தையும் அது எண்ணிக்கொண்டே போகும். பின்னால் திரும்பாது. விற்ற அன்று அது என்ன காட்டியது என்று விற்றவர்கள் குறிக்கவில்லை. வாங்கியவர்கள் குறித்திருக்கலாம். அந்த எண்ணை, இயந்திரம் விமான நிலையத்தில் இருந்த வருடங்களால் வகுத்தால் ஒரு வருடத்துக்கான மணி நேரம் தெரிந்துவிடும். அதைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள், திங்கட்கிழமை. அரியலூர் ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தின் இலைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. சென்னையில் என் தெரு மரங்களிலும் தூசு உண்டு. இங்கே அது ஈரம் பட்டுக் காய்ந்து இலையோடு ஒட்டியிருந்தது. டிபன் கடையில் கடைக்காரர் மேஜையைத் துடைத்துவிட்டு இலை போட்டார். இட்லி கொண்டுவருவதற்குள் கையில் துணியோடு மறுபடி வந்து இலையைத் துடைத்தார். "லாரி ஒண்ணு போச்சுல்ல," என்றார். இட்லிக்குச் சின்ன வெங்காயச் சட்னி, காரம் காதுவரை ஏறியது.

எனக்கு அமர்த்தியிருந்த கார் ஓட்டுநரின் பெயர் சவரி. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். காரின் முன்புறம் மாதா படம், அதன் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் நாட்காட்டி. அதில் சனியும் புதனும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன.

சுரங்கப் பாதையில் கார் நுழைந்ததும் எதிரே ஒரு டிப்பர் லாரி வந்தது. பாதை ஒரு வண்டிக்குத்தான் இடம் கொடுக்கும்.

"பயப்படாதீங்க மேடம். பதினெட்டு வருசமா இந்தப் பக்கம்தான் ஓட்டுறேன். குழிக்குள்ள ஒரு தடவதான் வுளுந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே பின்னால் எடுத்தார். முந்தைய நாள் மழையில் சுண்ணாம்புச் சேறு தயிர்போலக் கிடந்தது. பின்சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கி நின்றது. இறங்கித் தள்ளலாம் என்று என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கீழே தரை இல்லை. படிப்படியாக வெட்டிய வெள்ளைச் சுவர்களும், அடியில் பச்சையாகத் தண்ணீரும் இருந்தன. ஒரு காலை வெளியே வைத்திருந்தேன். அதை உள்ளே எடுக்கச் சில நொடிகள் ஆயின.

"அந்தப் பக்கம் எறங்காதீங்க," என்று சவரி மெதுவாகச் சொன்னார். இந்த முறை வேடிக்கை பேசவில்லை.

டிப்பர்காரர்கள் இறங்கி வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்த ஜெனரேட்டர் ஒரு தகரக் கொட்டகையில், குழித் தண்ணீரை இறைக்கும் பம்புக்காக ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலைய எண் தகடு இன்னும் இருந்தது. ஹவர் மீட்டரின் கண்ணாடி உடைந்து உள்ளே சுண்ணாம்புத் தூள் அடைந்திருந்தது.

"அது வரும்போதே செத்துப்போச்சுங்க," என்றார் இயக்குபவர்.

"வந்தப்போ எவ்வளவு காட்டிச்சுன்னு தெரியுமா?"

"யாரு பாத்தா? ஓடுதான்னுதான் பாத்தோம்."

திரும்பி வரும்போது நாட்காட்டியின் சிவப்பு வட்டங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு டயாலிசிஸ் போடுகிற நாட்கள். ஸ்டெல்லா நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. "பெரம்பலூர்லதான் மேடம். நீங்க நாளைக்குப் போற ஆஸ்பத்திரிதான்."

இரண்டாம் நாள் பெரம்பலூர். டீக்கடையில் உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டினேன். 'நாளை மின்தடை' என்ற தலைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கீழே ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பெட்டிகளைப் பிழை திருத்துவதுதான் என் பொறுப்பு. ஒருவரும் விரும்பாத வேலை. பழக்கத்தில் பட்டியல் முழுவதையும் படித்தேன். மருத்துவமனை இருந்த தெருவும் அதில் இருந்தது.

மருத்துவமனை மூன்று மாடி. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர் காதர் பாய், அறுபதை நெருங்கியவர், துவைத்து மடித்த துணி தோளில். நான் ஹவர் மீட்டர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ், அதைக் கேக்க இத்தன வருசத்துல ஒரு ஆளு வந்தீங்களே. வாங்கம்மா."

ஜெனரேட்டர் பெட்டியின் கதவைத் திறந்தார். உட்புறத் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியும் ஹவர் மீட்டர் எண்ணும் எழுதி வைப்பது அவர் வழக்கம். முதல் வரி, இயந்திரம் வந்து இறங்கிய நாள். எனக்கு வேண்டிய எண் அதுதான். படம் எடுத்தேன், குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன். வந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிறகு அண்ணாந்து பார்த்தேன். நின்ற இடம் ஒரு சந்து. ஒரு பக்கம் மருத்துவமனை, மறுபக்கம் புதிதாக எழும்பிய வணிக வளாகத்தின் பூசாத சுவர். இரண்டுக்கும் இடையில் கை நீட்டினால் இரண்டையும் தொடலாம். ஜெனரேட்டரின் புகைக்குழாய் முதல் மாடி உயரத்தில் திடீரென்று முடிந்திருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, சுவரில் ஒரு விசிறிக் கூண்டு. கூண்டின் கம்பிகள் கறுத்திருந்தன.

"பாய், அந்த ஃபேன் காத்த வெளிய தள்ளுதா, உள்ள இழுக்குதா?"

"உள்ளதாம்மா. டயாலிசிஸ் ரூமு. ஏசி போட்டு மூடி வெச்சிருக்காங்கல்ல, நோய் பரவாம இருக்க வெளிக்காத்து வேணும்னு மாட்டினாங்க."

"குழாய் ஏன் பாதியில நிக்குது?"

காதர் பாய் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முதலில் ஜெனரேட்டர் கட்டடத்தின் வடகிழக்கு மூலையில், திறந்த வெளியில் இருந்திருக்கிறது. குழாய் மொட்டை மாடிக்கு மேலே போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் முதலாளி வாஸ்து பார்க்க ஒருவரை அழைத்துவந்தார். ஈசானி மூலையில் நெருப்பு இருக்கக் கூடாது, நோயாளிகள் தங்க மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். நெருப்புக்கு உரிய இடம் தென்கிழக்கு, அக்னி மூலை. அடுத்த வாரமே கிரேன் வந்து தூக்கி வைத்துவிட்டது. பழைய குழாய் இந்தச் சந்தின் வளைவுகளுக்குப் பொருந்தவில்லை. பொருந்திய அளவுக்கு வெட்டி மாட்டினார்கள்.

"மீதிக் குழாய மாட்டச் சொல்லிட்டேதாம்மா இருக்கேன். இன்ஷா அல்லாஹ் செய்வாங்க. கரண்டு போனா பத்து நிமிசம், கால் மணி ஓடுது. ஒண்ணும் ஆவல."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஷட்டவுனு. எட்டு மணி நேரம் ஓடணும்."

"போன மாச ஷட்டவுன்ல?"

அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேல கொஞ்சம் பேருக்குத் தலவலி, வாந்தின்னாங்க. தண்ணி சரியில்லன்னு ஃபில்டர மாத்திட்டாங்க."

எங்கள் கணக்கில் எல்லாப் புகையும் வானத்துக்குப் போகிறது. போகும் வழியில் ஒரு ஜன்னல் இருக்கும் என்று அதில் எழுத இடமில்லை.

மேலாளரைப் பார்த்துச் சொன்னேன். இளைஞர், மரியாதையானவர். என் அலுவலக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர்கிட்ட சொல்லிடறேங்க மேடம்," என்றார். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

சவரி பரோட்டாக் கடையில் காத்திருந்தார். சந்தில் பார்த்ததை நான் சொன்னதும் பிய்த்த பரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டார்.

"போன மாச ஷட்டவுன் அன்னிக்கு அவளுக்கு மண்டையப் பொளக்குதுன்னா மேடம். டயாலிசிஸ் போட்டா தலவலி சகஜம்னு சொன்னாங்க. மத்த நாள்லயும் வரும்தான்."

"நாளைக்கு ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

"சனிக்கெழம போட்டது. இப்பவே காலு வீங்கிக் கெடக்கு. ஒரு நாள் தள்ளுனா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், படுக்க முடியாது. ஒருக்கா தள்ளிப் பாத்துட்டோம்." கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். "எந்த எடத்துல மேடம் அந்த ஃபேனு?"

"சந்துப் பக்கம். வரும்போது மேல எட்டிப் பாத்தேன், கடைசிக் கட்டில்கிட்ட."

சவரி இலையை மூடினார். பிறகு சொன்னார். "அந்தக் கட்டில நான்தான் கேட்டு வாங்குனேன். நர்சம்மாவுக்குப் பலாப்பழம் கொண்டுபோய்க் குடுத்துக் கேட்டேன். அங்கதான் காத்து வரும்னு."

அன்று மாலை நான் சென்னைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு ஸ்டெல்லாவை இயந்திரத்தில் இணைத்தார்கள். மெலிந்த, கூர்மையான முகம். வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைகளைப் பார்வையாலேயே அடக்குகிறவர் என்று தோன்றியது. இவர்தான் ஜெனரேட்டர் மேடம் என்று சவரி அறிமுகப்படுத்தினார். "நேத்து ராத்திரி பூரா உங்க பேச்சுதான். இவரத் தூங்க வுடாம பண்ணிட்டீங்களே," என்றார் ஸ்டெல்லா. கடைசிக் கட்டில்தான். மற்ற நான்கும் நிரம்பியிருந்தன.

பொறுப்பில் இருந்த நர்ஸ் கவிதாவிடம் விசிறியை நிறுத்தக் கேட்டேன். "அது ஓடியே ஆகணும் மேடம். நிறுத்துனா எங்களத்தான் கேப்பாங்க. டாக்டர் பதினோரு மணிக்கு வந்துடுவாரு, அவர்கிட்ட பேசுங்க." நான் வற்புறுத்தவில்லை. ஹவர் மீட்டர் பார்க்க வந்தவள் நான்.

சரியாக ஒன்பதுக்கு மின்சாரம் போனது. கீழே இயந்திரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. உடன் வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. சவரியும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. சவரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அதில் பார்த்தார். கையை ஆட்டுவார், உள்ளேயிருந்து ஸ்டெல்லா ஜெபமாலை பிடித்த விரலை அசைப்பார். உட்காருவார்.

பத்து மணிக்கு யாரோ உள்ளே வாசனைத் திரவியம் அடித்தார்கள். மல்லிகை வாசம் கதவுக்கு அடியில் வந்தது. அதற்கடியில் டீசல் வாசமும் இருந்தது. எனக்கு நெற்றி கனத்தது. பயத்தினால் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்பு சவரி கையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார்.

"தூங்குறா போல," என்றார். பிறகு, "அவ மிசின்ல இருக்கறப்ப தூங்க மாட்டா மேடம்."

கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டெல்லாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஜெபமாலை தரையில் கிடந்தது.

கதவைத் திறந்து உள்ளே போய்விட்டோம். கவிதா திட்டவில்லை. அவரே நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லாவின் கன்னத்தைத் தட்டினார். கண் பாதி திறந்து மூடியது. ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பார்த்தார். "இதுவும் நல்லாத்தானே காட்டுது?"

"அதுக்கு இந்தப் புகை தெரியாது," என்றேன். அடைத்த காரில் ஏசி போட்டுத் தூங்கி இறந்துபோனவர்கள் பற்றிய செய்தி ஒன்றை நான் பிழை திருத்தியிருக்கிறேன். புகையில் உள்ள நச்சு வாயு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் அந்தக் கருவி அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணும் என்று ஒரு மருத்துவர் சொன்ன வரி அதில் இருந்தது. "இவங்களுக்கு மட்டுமில்ல. உங்களுக்கும் தலை வலிக்குதா இல்லையா?"

கவிதா மற்ற கட்டில்களைப் பார்த்தார். ஒருவர் வாந்தி எடுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கவிதா ஓடிப்போய் விசிறியை அணைத்துவிட்டு, சந்துப் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, "பாய், நிறுத்துங்க!" என்று கத்தினார்.

காதர் பாய்க்குக் கேட்கவில்லை. சவரி படியில் இறங்கி ஓடினார். கீழே நடந்த பேச்சு படிக்கட்டு வழியாக எனக்குக் கேட்டது.

"ஷட்டவுன் அன்னிக்கு எது நடந்தாலும் நிறுத்தாதேன்னுதான் எனக்கு உத்தரவு! மேல மிசினுல ரத்தம் ஓடிக்கிட்டிருக்கு தம்பி!"

"புகைதான் பாய் உள்ள போவுது! எம் பொண்டாட்டி கண்ணத் தொறக்க மாட்டேங்குறா!"

இயந்திரம் நின்றது. அறை இருண்டது. ஐந்து டயாலிசிஸ் இயந்திரங்களும் ஒரே நேரத்தில் கூவின. மூன்றில் பேட்டரி இருந்தது, சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு நின்றுவிட்டன. நின்ற இரண்டில் ஒன்று ஸ்டெல்லாவுடையது. குழாயில் அவருடைய ரத்தம் கருஞ்சிவப்பாக அசையாமல் இருந்தது.

"நின்னா உறைஞ்சிடும்," என்றார் கவிதா. உடன் இருந்த இன்னொரு நர்ஸை நின்றுபோன மற்ற இயந்திரத்துக்கு அனுப்பினார். இயந்திரத்தின் பின்புறமிருந்து ஒரு கைப்பிடியை உருவி, ரத்தம் தள்ளும் சக்கரத்தில் பொருத்தினார். பையிலிருந்து உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தார். "அம்புக்குறி காட்டுற பக்கமா சுத்துங்க மேடம். வேகம் வேணாம். தண்ணி பின்னாடி வரும், ரத்தம் முன்னாடி அவங்களுக்குப் போயிடும். இந்தக் குழாயயே பாருங்க. காத்துக் குமிழி தெரிஞ்சா அப்படியே நிறுத்திடுங்க. காத்து உள்ள போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

சுற்றினேன். கை நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. குழாயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பின்னால் சவரி, ஏசிக்காக நாடா ஒட்டி மூடியிருந்த தெருப் பக்கத்து ஜன்னல்களைச் சாவியால் கிழித்துத் திறக்கும் சத்தம் கேட்டது. வெயிலும் பஸ் ஹாரனும் ஒன்றாக உள்ளே வந்தன. குழாயில் சிவப்பு இளஞ்சிவப்பானது. ஓர் இடத்தில் பொட்டுப்போல ஏதோ மினுங்கியது. நிறுத்தினேன். கவிதா குனிந்து பார்த்தார். "வெளிச்சம். சுத்துங்க." மறுபடி சுற்றினேன். இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீரானது. கவிதா கிளிப்பைப் போட்டார்.

ஆக்சிஜன் உருளைகள் வந்தன. ஸ்டெல்லாவையும் இன்னொருவரையும் ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். கவிதா படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். டாக்டர் பதினோரு மணிக்கு வந்தார்.

கீழே காதர் பாய் ஜெனரேட்டர் பெட்டியின் திறந்த கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார். "நான்தாம்மா ஓட்டுனேன்," என்றார். "என் கையாலதான் ஸ்டார்ட் பண்ணுனேன்." ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதை எதற்குக் குறித்தேன் என்று தெரியவில்லை.

மாலையில் ஸ்டெல்லா கண் விழித்துப் பேசினார். அந்தப் பெரிய மருத்துவமனையிலேயே மீதி டயாலிசிஸும் போட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "சுத்துனது நீங்களாமே. கை நடுங்குச்சுன்னு கவிதா சொன்னா," என்றார். சவரியின் பக்கம் திரும்பினார். "இனிமே எனக்குப் பலாப்பழம் குடுத்து எடம் புடிக்காதீங்க." சிரிக்கத்தான் சொன்னார். சவரி வெளியே போய் நின்றுகொண்டார்.

சென்னைக்கு வந்து அறிக்கையை முடித்தேன். பெரம்பலூர் ஜெனரேட்டருக்கு எண் கிடைத்தது, அரியலூரில் இருப்பதற்கு 'ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். வருடத்துக்கு என்று வகுத்துப் பார்த்தாலும், பதிவேட்டில் இருந்ததைவிடப் பெரம்பலூர் எண் பல மடங்கு அதிகம். அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

இப்போது தினமும் காலையில் இணையத்தில் அந்த ஊர்ப் பதிப்பைத் திறந்து முதலில் மின்தடைப் பெட்டியைப் படிக்கிறேன். குன்னம், பூலாம்பாடி என்று ஊர்கள் வருகின்றன. ஒவ்வொரு ஊரிலும் எந்த மூலையில் எது ஓடப்போகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அந்தத் தெருவின் பெயர் வந்தது. மறுநாள் புதன்கிழமை. ஒன்பதரைக்குச் சவரியை அழைத்தேன். பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"குழாய மேல ஏத்திட்டாங்க மேடம். காதர் பாயே அரியலூரு லாரிப் பட்டறையிலேர்ந்து பைப்பு வாங்கியாந்து நின்னு மாட்டுனாரு. மொட்ட மாடியத் தாண்டிப் போவுது. ஃபேனயும் தெருப் பக்கம் மாத்தியாச்சு."

"ஜெனரேட்டர்?"

"அது அக்னி மூலையிலதான் இருக்கு."

"ஸ்டெல்லா?"

"உள்ளதான் மேடம். நடுக் கட்டிலு."

"நீங்க பெஞ்சுல உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்," என்றார். "கண்ணாடிகிட்ட நிக்கிறேன். நாலு மணி நேரம்தானே. கைய ஆட்டிட்டே இருக்கேன்."